குப்பையும் அலங்காரமும்

ஒரு பொருள் ஏழையின் வாசலில் இருந்தால் அது குப்பை. அதே பொருள் வசதியுள்ளவனின் தோட்டத்தில் இருந்தால் அது அலங்காரம். இந்த நியாயத்தை யாரும் சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதி வைத்த சட்டங்களையெல்லாம்விட இதற்குத்தான் ஜனங்கள் அதிகமாகக் கட்டுப்பட்டு நடக்கிறார்கள். நான் இதைக் கண்ணாரக் கண்டது அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில், ஜாக்ஸன் நகரத்துக்குப் பக்கத்தில், என் மகள் குடியிருக்கிற தெருவில். காட்டிக் கொடுத்தது ஒரு பட்டுப்போன மரம்.

மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். விடியற்காலையில் நடக்கப் போவது என் பழக்கம். தெருக்கோடியில் ஒரு பழைய மர வீடு. மற்ற வீடுகளெல்லாம் முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே கட்டப்பட்டது. அதன் முன்வாசலில் பட்டுப்போன ஸீடர் மரம் ஒன்று நின்றது. இலை, பட்டை எதுவும் இல்லை. கிளைகளின் நுனியைக் கழித்துக் குச்சி குச்சியாக விட்டு, ஒவ்வொரு குச்சியிலும் ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டியிருந்தது. பச்சை, பழுப்பு, மஞ்சள் எல்லாம் உண்டு. ஆனால் நீலம்தான் அதிகம். மரத்துக்குப் பின்னாலிருந்து சூரியன் கிளம்பியபோது, செத்த மரம் தலை முதல் கால் வரை பூத்துவிட்டதுபோல் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘இந்த வீட்டில் ஒரு மொடாக்குடியன் இருக்கிறான்’ என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

“போங்களப்பா! அங்கே ஒரு பாட்டியம்மாள் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊர்ப் பக்கத்தில் அதற்குப் பாட்டில் மரம் என்று பெயர்” என்றாள் மகள்.

மறுநாள் நான் அங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாளே வெளியே வந்தார். கறுப்பர் இனத்தைச் சேர்ந்தவர். எண்பதைத் தொட்டிருப்பார். நிமிர்ந்த நடை. என்னைப் படியில் உட்காரச் சொல்லி மரத்தின் கதையைச் சொன்னார்.

இரவில் கெட்ட ஆவிகள் அலையுமாம். வீட்டுக்குள் நுழைய வரும்போது வண்ணக் கண்ணாடியின் மினுமினுப்பில் மயங்கிப் பாட்டிலுக்குள் போய்விடுமாம். போன வழி திரும்பத் தெரியாது. விடிந்ததும் வெயில் ஏறி அவற்றைப் பொசுக்கிவிடும். இரவில் காற்றடித்தால் மரம் ‘ஊம்’ என்று முனகும். அது உள்ளே அகப்பட்ட ஆவிகளின் புலம்பல்.

“நீங்கள் இதை நம்புகிறீர்களா, அம்மா?” என்று கேட்டேன்.

“ஐயா, நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள். பாட்டிலின் வாயில் காற்று உரசினால் உள்ளே இருக்கிற காற்று அதிர்ந்து ஓசை எழும்பும் என்பது எனக்குத் தெரியும். கண்ணாடியில் துளிக் கோபால்ட்டைச் சேர்த்தால் நீலமாகும் என்பதும் தெரியும். என் பாட்டி நம்பினாள். அவள் எதற்குப் பயந்து நம்பினாள் என்பது உங்கள் புத்தகங்களில் இருக்கும்” என்றார்.

பிறகு ஒவ்வொரு பாட்டிலாகக் கைகாட்டினார். அந்த நீலப் புட்டி அவருடைய தாயாரின் வயிற்று மருந்து. இன்றைக்கு அந்த மருந்தெல்லாம் பிளாஸ்டிக்கில் வருகிறது. அந்தப் பழுப்பு, கணவரின் கடைசி இருமல் மருந்து. மேலே இருக்கிற பச்சை, மகளின் கல்யாணத்தன்று திறந்தது. நான் குடிகாரன் வீடு என்று நினைத்தேனே, அது ஒரு குடும்பத்தின் ஜாதகம்! எனக்கு வெட்கமாகப் போயிற்று.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இல்லை. பத்து நாள் கழித்து அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது. தெருவாசிகளின் சங்கம் எழுதியது. ரொம்ப மரியாதையான கடிதம். முன்வாசலில் தொங்கும் ‘கழிவுப் பொருள்கள்’ தெருவின் தோற்றத்துக்குக் குந்தகமாக இருப்பதால், 30 நாளுக்குள் அவற்றை அப்புறப்படுத்தும்படி வேண்டிக்கொண்டிருந்தார்கள். பழைய வீட்டின்மேல் அந்தச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பது வக்கீல்கள் பார்க்கவேண்டிய விஷயம். என் விஷயம் வேறு. கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்துக்களில் ஒன்று என் மாப்பிள்ளையுடையது.

நான் மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“மாமா, தயவுசெய்து இதைக் கதையாக்காதீர்கள். தெரு லட்சணமாக இருந்தால்தான் வீட்டுக்கு விலை. நாளைக்கு விற்கவேண்டி வந்தால், வாங்க வருகிறவன் அந்தக் கோடி வீட்டைத் தாண்டித்தானே உள்ளே வரவேண்டும்?”

“சரி, மாப்பிள்ளை. நம் வீட்டுப் பின்புறத்தில் புல்தரை ஓரமாக நிற்கிறதே, அது என்ன?”

அங்கே நின்றது ஓர் இரும்பு மரம். கம்பிகளை வளைத்துக் கிளைபோல் பற்றவைத்து, கம்பிக்கு ஒரு நீலப் பாட்டிலாக மாட்டியது. எல்லாப் பாட்டிலும் ஒரே அளவு, ஒரே நிறம்.

“அதுவா? அது கார்டன் டெக்கரேஷன், மாமா. கடையில் வாங்கினது” என்றார்.

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. மனப்பூர்வமாக நம்பிச் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. மாப்பிள்ளை கெட்டவர் அல்ல. படித்தவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். அப்படிப்பட்டவர் ஒரே பொருளை வாசலில் குப்பை என்றும் கொல்லையில் அலங்காரம் என்றும் கூசாமல் சொல்கிறார் என்றால், கோளாறு அவரிடம் மட்டும் இல்லை. ‘ரசனை’ என்று நாம் மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறோமே, அதில் இருக்கிறது கோளாறு.

அந்தக் கடைப் பாட்டில்களை நான் எடுத்துப் பார்த்தேன். அவற்றில் ஒரு சொட்டு மருந்தும் இருந்ததில்லை. ஒரு மிடறு மதுவும் இருந்ததில்லை. யாருக்கும் காய்ச்சல் தணிந்ததில்லை. யாருடைய கல்யாணத்துக்கும் திறந்ததில்லை. காலியாகவே பிறந்த பாட்டில்கள்! பேய் நுழைவதற்குக்கூட அவற்றில் நியாயம் கிடையாது.

இனி, அந்த அம்மாள் சொன்ன ‘உங்கள் புத்தகங்க’ளுக்கு வருகிறேன். ராபர்ட் ஃபாரிஸ் தாம்ப்ஸன் என்ற யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் 1983-ல் வெளியிட்ட ‘ஃப்ளாஷ் ஆஃப் தி ஸ்பிரிட்’ என்ற நூலில் இந்த மரத்தின் வேரைத் தேடிக்கொண்டு ஆப்பிரிக்காவின் கோங்கோ ராஜ்யம் வரை போகிறார். இன்றைய அங்கோலாவும் இரண்டு கோங்கோ நாடுகளும் இருக்கிற பகுதி அது. வீட்டையும் நிலத்தையும் காப்பதற்கு மரத்தில் பொருள்களைக் கட்டித் தொங்கவிடுகிற அந்த நாட்டு வழக்கம்தான் கடல் தாண்டி அமெரிக்கத் தெற்கில் பாட்டில் மரமாயிற்று என்று காட்டுகிறார்.

கடல் தாண்டி என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். தாண்டிய விதம் அவ்வளவு சுலபமல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலின் குறுக்கே கப்பலேற்றப்பட்ட அடிமைகள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பதினெட்டு லட்சம் பேர் நடுக்கடலிலேயே மாண்டார்கள். அவர்களிடம் பெட்டி கிடையாது, படுக்கை கிடையாது. ஒரு சட்டியோ ஒரு சாமி பொம்மையோ எடுத்துவர விடவில்லை. கைக்கும் காலுக்கும் விலங்கு போட்டவன் ஞாபகத்துக்கு விலங்கு போட மட்டும் மறந்துபோனான். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு, பிறர் காலிசெய்து எறிந்த புட்டிகளைப் பொறுக்கி, அடுத்தவன் மண்ணில் நின்ற மரத்தில் மாட்டி, ‘கெட்டது எதுவும் இந்த வாசலைத் தாண்டக்கூடாது’ என்று ஒரு காவல் வைத்தார்கள்.

அந்த ஜனங்களுக்குக் கெட்டது எந்த வடிவத்தில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். குதிரைமேல் சவுக்கோடு வந்தது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து ஏலம் போடுகிறவனாக வந்தது. இதையெல்லாம் தடுக்கச் சட்டமும் இல்லை, போலீசும் இல்லை. பாட்டில்தான் இருந்தது. ‘அவள் எதற்குப் பயந்து நம்பினாள்’ என்று அந்த அம்மாள் சொன்னதற்கு இதுதான் பொருள். இதை மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: நம்புவதற்கு வேறு எதையாவது அவர்களுக்கு விட்டுவைத்தீர்களா?

அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் 1865-ல் அமலுக்கு வந்தது. மிசிசிப்பி மாநிலச் சட்டசபை அதை ஏற்றுக்கொண்டு தீர்மானம் போட்டது எப்போது தெரியுமா? 1995-ல்! அந்தத் தீர்மானத்தின் காகிதம் முறைப்படி பதிவானது 2013-ல். அடிமைத்தனம் தவறு என்று ஒத்துக்கொள்ள 130 வருஷமும், ஒத்துக்கொண்டதை எழுதிவைக்க இன்னும் 18 வருஷமும் எடுத்துக்கொண்ட மாநிலத்தில், ஒரு கிழவி பாட்டில்களைக் கழற்றுவதற்கு 30 நாள் கெடு!

மாப்பிள்ளையின் மற்ற வாதங்களையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி உடைந்தால் குழந்தைகள் காலில் குத்தும் என்றார். வாஸ்தவம். கடையில் வாங்கின கண்ணாடியும் உடைந்தால் குத்தும். மழைத் தண்ணீர் தங்கிக் கொசு வரும் என்றார். கவிழ்த்த பாட்டிலில் தண்ணீர் எப்படித் தங்கும்? கடைசியில், “என்ன இருந்தாலும் பேய் பிசாசு என்று வாசலில் தொங்கவிடுவது அநாகரிகம், மாமா” என்றார். அவர் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கியது. கிருகப்பிரவேசத்தன்று திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்த போட்டோவை எனக்கு அனுப்பியவரும் அவர்தான். நம் பேய் மட்டும் நாகரிகமான பேய் போலும்!

இதற்காக நான் பாட்டில் மரத்தைக் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. ஜாக்ஸன் நகரத்திலேயே பிறந்து வாழ்ந்து 2001-ல் மறைந்த யூடோரா வெல்டி என்ற கதாசிரியை இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர். 1930-களில் அரசாங்க வேலையாக மிசிசிப்பி முழுவதும் சுற்றியபோது காமிராவும் கையுமாக ஏழை ஜனங்களைப் படம் பிடித்தவர். பாட்டில் மரங்கள் நிற்கிற ஒரு வீட்டையும் படம் எடுத்திருக்கிறார். அவருடைய ‘லிவ்வி’ என்ற கதை 1942-ல் வந்தது. ஸாலமன் என்ற வயோதிகர் பதினாறு வயதுப் பெண்ணை மணந்து, ஆள் அரவமற்ற காட்டுப் பாதையில் இருக்கிற தம் வீட்டுக்கு அழைத்துப்போகிறார். வாசலில் மிர்ட்டில் மரங்கள். நம் பூமருதுக்குத் தாயாதியான சிறு மரம் அது. ஆசியாவிலிருந்து போய் அங்கே குடியேறியது. அந்த மரங்களின் கிளை நுனிகளில் எல்லாம் வண்ணப் பாட்டில்கள். ஸாலமன் தம் கையால் மாட்டியவை. கெட்ட ஆவிகள் வரவில்லை என்பது சரி. ஆனால் ஒன்பது வருஷம் அந்தப் பெண்ணும் வெளியே போகவில்லை. ஆவியைப் பிடித்த அதே மரம் அவள் வாலிபத்தையும் பிடித்து வைத்துக்கொண்டது.

காவலுக்கும் சிறைக்கும் ஒரே சுவர்தான் என்பதை அந்த அம்மையார் சொல்லாமல் சொல்லுகிறார். பரிகாசமும் செய்யவில்லை, பூஜையும் செய்யவில்லை. அந்த வாசலில் நிற்கிற மனிதர்களோடு சேர்த்து மரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். மனிதர்களைக் கழித்துவிட்டு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

“அப்படியானால் கறுப்பர்களைத் தவிர வேறு யாரும் பாட்டில் மரம் வைக்கக்கூடாதா?” என்று மாப்பிள்ளை என்னை மடக்கப் பார்த்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கலிபோர்னியாவில் ஓரோ கிராண்டே என்ற இடத்தில், 66-ம் எண் பழைய நெடுஞ்சாலையின் ஓரமாக, எல்மர் லாங் என்ற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பனார் பாலைவனத்தில் அலைந்து பழைய பாட்டில்களைச் சேர்த்தவர். தகப்பனார் விட்டுப்போன அந்தக் குவியலை என்ன செய்வது என்று யோசித்து, 2000-ல் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து முதல் மரத்தை நட்டார். அது 200-க்கும் மேற்பட்ட மரங்கள் கொண்ட கண்ணாடிக் காடாயிற்று. 2019-ல் அவர் காலமானார். அவருடையதும் இரும்பு மரம்தான். ஆனால் அவர் மாட்டிய பாட்டில்களில் அவருடைய தகப்பனார் இருந்தார். மரம் இரும்பா கட்டையா, வைப்பவன் கறுப்பா வெள்ளையா என்பது என் கேள்வியே அல்ல. இது யாருடையது, என் கைக்கு எப்படி வந்தது என்று நீ கேட்டாயா? அதுதான் கேள்வி.

இந்த வியாபாரம் பாட்டிலோடு நிற்கவும் இல்லை. கரோலினா, ஜார்ஜியா கடற்கரைகளில் அதே ஜனங்கள் ஆவிகள் அண்டாமல் இருக்கத் தாழ்வாரத்து உட்கூரைக்கு வெளிறிய நீலம் பூசுவது வழக்கம். இன்றைக்கு அந்த நீலம் பெயிண்டு டப்பாவின் மேல் ஒரு நிறப் பெயர். பூசச் சொன்ன பயம் டப்பாவுக்குள் இல்லை.

‘இது அமெரிக்காக்காரன் பாடு; நமக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிற வாசகரே, கொஞ்சம் பொறுங்கள். பெரிய ஹோட்டல்களின் முன்கூடத்தில் அய்யனாரின் மண்குதிரை நிற்பதை நீங்கள் பார்த்ததில்லையா? அதைச் செய்த குயவர் அழுக்கு வேட்டியோடு அந்தக் கூடத்தில் நுழைந்தால் என்ன நடக்கும்? குதிரைக்கு நாற்காலிகளுக்கு நடுவே இடம் உண்டு. குதிரை செய்தவருக்கு வாசலில்கூட இடம் இல்லை. தெருக்கோடி அம்மாளுக்குக் கடிதம் எழுதியவர்களுக்கும் நமக்கும் நடுவில் கடல்தான் பெரிது, வித்தியாசம் பெரிதல்ல.

அழகாக இருக்கிறது என்று எதையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்; தப்பில்லை. கொண்டுவந்ததைப் பற்றி விருந்தாளியிடம் பெருமையடிக்கும்போது, விலையைச் சொல்வதற்கு முன்னால் அதற்கு உரியவர்களின் பெயரைச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், அதே பொருள் அவர்கள் வாசலில் தொங்கும்போது கழற்றச் சொல்லாதீர்கள். இந்தக் குறைந்தபட்ச நாணயம் இல்லாத ரசனையை நான் ரசனை என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். அது திருட்டு, கண்ணியமாக உடுத்துக்கொண்ட திருட்டு.

ஊருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் அந்த அம்மாளிடம் விடைபெற்றுக்கொள்ளப் போனேன். வரும்போது நான் கொண்டுபோயிருந்த முழங்கால் வலித் தைலப் புட்டி தீர்ந்துபோயிருந்தது. கொஞ்சம் கூச்சத்தோடு அதை நீட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். “எந்த ஊர் வலி இது?” என்று கேட்டார். சொன்னேன். தாழ்ந்த கிளையில் மெல்லிய குச்சி ஒன்றைத் தேடி அதில் கவிழ்த்தார். கெடு முடிய அப்போது இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

சென்ற வாரம் மகள் தொலைபேசியில் பேசினாள். மரம் நிற்கிறதாம். சங்கத்தார் இரண்டாவது கடிதம் அனுப்பிவிட்டார்களாம். அதில் மாப்பிள்ளையின் கையெழுத்து இல்லையாம். நான் வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். மாமனாருக்குக் காட்டிய மரியாதையாகவும் இருக்கலாம். பின்புறத்து இரும்பு மரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்றாள். “ஆனால் அப்பா, நேற்று யாரோ விருந்தாளி அது என்ன என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் யோசித்தார்” என்றாள்.

யோசிக்கட்டும்.